கசிவுத் தண்ணி

அக்கட்ட நில்லு அம்மிணி. அந்த மூணு காலு ஸ்டாண்ட என்ற வரப்புல ஊனாத. வாய்க்காக் கரை உங்க ஆபீசோடது, ஒத்துக்கறன். வரப்பு என்றது. ஒரு அடி இக்கட்ட வந்தாலும் நான் பேசுவன்.

புதுசா வேலைக்கு வந்திருக்கறயா? அதுதான். பழைய ஆளுகன்னா இந்தப் பக்கம் ஒத்தையில வர மாட்டாங்க. ஊஞ்சக்காட்டுல பாவாயின்னு ஒருத்தி இருக்கறா, அவகிட்டப் பாத்துப் பேசுன்னு உங்க ஆபீசுல சொல்லலியா? சொல்லியிருப்பாங்க. நீ சிரிக்கற சிரிப்புலயே தெரியுது.

என்ன அளக்கற? வாய்க்கா இங்க எத்தனை எறக்கம் எறங்குதுன்னா? அந்த எறக்கத்துல சக்கரம் வெச்சுக் கரண்டு எடுக்கப் போறாங்களாமா? அணையில எடுக்கறது பத்தலையாக்கும். அங்க அத்தனை பெரிய பவர்ஹவுஸ் நிக்குது, தண்ணி அதையச் சுத்திவுட்டுட்டுத்தான் வாய்க்காலுக்கே வருது. இப்ப எங்கூட்டு முன்னால ஒண்ணு. செரி, வெய்யுங்க. கரண்டு வேண்டாம்னு நான் சொல்லுவனா? என்ற மோட்டாரும் கரண்டுலதான் ஓடுது. ஆனா உங்க திட்டத்துல அதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்குமே, அதையுஞ் சொல்லு. மண்ணு வாய்க்கான்னா தண்ணிய வழியெல்லாம் குடிச்சுப்போடுது, வேகம் பத்தாது, சக்கரம் சுத்தாது. அதனால மேல இருந்தே கான்கிரீட் போட்டு வழவழன்னு பண்ணோணும். அதான? பாத்தியா, தலைய ஆட்டற. பேருக்குத்தான் கரண்டு. வரப்போறது கான்கிரீட்டு.

அந்தக் கான்கிரீட்டு இதுக்கு முன்னால ஒருக்கா வந்துச்சு. இதே எடத்துல, நீ நிக்கறயே அதுக்கு நேர் கீழ, வாய்க்காலுக்குள்ள ஒக்காந்து நான் அதையத் திருப்பி அனுப்பிச்சன். அந்தக் கல்லு மேல ஒக்காரு. கேட்டுட்டு, அப்பறம் அளக்கறதா வேண்டாமான்னு நீயே சொல்லு.

மொதல்ல என்ற கெணத்தை எட்டிப் பாரு. தெரியுதா தண்ணி? கை நீட்டுனா எட்டற மாதிரி நிக்குது. மழைத் தண்ணின்னு நெனச்சியா? இந்தச் சீமையில மழை எங்க பேயுது? எல்லாம் வாய்க்காத் தண்ணி கண்ணு. கரையில கசிஞ்சு, மண்ணுக்குள்ள ஊறி, பாறைச் சந்துல நொழஞ்சு என்ற கெணத்துக்கு வருது. எங்கூட்டுக்காரரு கலியாணமான புதுசுல வெட்டுனது. வாய்க்காலுக்கு எத்தனை பக்கத்துல வெட்ட முடியுமோ அத்தனை பக்கத்துல வெட்டுனாரு. கெட்டிக்காரரு. ஒரு ஆபீசரு வந்து, "இத்தனை கிட்டத்துல வெட்டப்படாதுங்க, ரூல்ஸ் இருக்குதுங்க"ன்னாராம். "அது இருந்துட்டுப் போகுதுங்க, நீங்க எளநி குடியுங்க"ன்னாராம் இவரு. அவரும் குடிச்சுப்போட்டுப் போயிட்டாரு. அந்தக் காலத்து ஆபீசருகளுக்கு மனுசத்தன்மை இருந்துச்சு.

அவரு போய்ச் சேந்து நெம்ப வருசமாச்சு. இந்தத் தென்னை, இந்த வாழை, அதா அந்த நெல்லு, எல்லாம் நான் ஒருத்தியாப் பாக்கற பண்ணயம். நெல்லு போடப்படாதாமா இங்க. இந்த வாய்க்கா கடலைக்கும் சோளத்துக்கும் வெட்டுனதாமா. ஆரு சொல்றது? கடைமடைக்காரன் சொல்றான். அவனும் நெல்லு போட்டுக்கட்டுமே, நாங்க வேண்டாங்கறமா?

கடைமடைன்னா தெரியுமல்லொ? இஞ்சினீருக்கு நான் சொல்றன் பாரு! வாய்க்கா கடைசியா முடியற எடம். சுள்ளிவலசுன்னு ஒரு ஊரு. என்ற பொண்ணு மோகனாவ அந்த ஊருக்குத்தான் குடுத்திருந்தன். ஒரே பொண்ணு. மாப்பிள்ளை லோகநாதன் தங்கமான பையன், அதிர்ந்து பேச மாட்டாரு. பூமியும் நல்ல செம்மண் பூமி. தண்ணிதான் கொஞ்சம் முன்னப் பின்ன வரும். அது எந்த ஊருல இல்லை?

அணை தொறந்துட்டாப் போதும், மோகனா போன் போட்டுருவா. "அம்மா, அங்க தண்ணி போகுதா?"

"போகுது கண்ணு, ரெண்டு கரையும் ததும்பப் போகுது."

"இங்க இன்னும் வர்லம்மா."

"வரும், பொறுத்துக்க. தண்ணி நடந்துதான வரோணும்."

இப்பிடியே பேசிட்டிருப்பம். தண்ணி உடற முறை முடிஞ்சு மதகை அடைச்சுப்போடுவாங்க. அடுத்த முறைக்கு மறுபடியும் போன் போடுவா. தாயும் மகளும் அத்தனை பாசம். வேற எந்தப் பொண்ணு அம்மாளுக்கு வருசம் பூரா போன் போட்டுத் தண்ணி போகுதான்னு கேக்கறா?

இப்பிடி இருக்கறப்பத்தான் கான்கிரீட் போடறமுன்னு சொன்னாங்க. அடியிலயும் போட்டு, ரெண்டு கரையிலயும் போட்டு, ஒரு சொட்டுக் கசியாமக் கடைமடைக்குக் கொண்டுபோய்ச் சேத்தறமுன்னாங்க. வாய்க்கா மொதல்ல பாயற இந்த மேமடை ஊருக அத்தனையும் கொதிச்சுப்போச்சு. ஏன் கொதிக்காது? இங்க இருக்கற கெணறு, ஊர்க் குடிதண்ணிக் கெணறு, போர்க் குழாய், கரையில நிக்கற புளி, வேம்பு, எல்லாம் இந்தக் கசிவக் குடிச்சு நிக்கறது. மண்ணு வாய்க்கான்னா அது ஆறு மாதிரி. மாடு எறங்கும், தண்ணி குடிக்கும், ஏறி வரும். கான்கிரீட் போட்டா அது குழாய். எறங்குன மாடு ஏற முடியாம வழுக்கி வழுக்கிச் சாகும். உங்க படிப்புல இதெல்லாம் சொல்லிக் குடுக்கறாங்களா? "தண்ணி வீணாகுது, வீணாகுது"ங்கறீங்க. மண்ணு குடிக்கற தண்ணி எங்க வீணாகுது? அதுதான் மரமா நிக்குது, மாடா நிக்குது. நான் நிக்கறனே, இதும் கசிவுதான்.

வாய்க்கா அடைச்சிருந்த சமயம். வெயிலு கொளுத்துது. ஒரு நாள் காலையில பொக்லைன் வண்டிக வந்து கரை மேல நிக்குது. நாங்க ஊருச்சனம் பூரா, காஞ்ச வாய்க்காலுக்குள்ள எறங்கி ஒக்காந்துட்டம். பொங்கியண்ணன்னு எங்க பங்காளி ஒருத்தரு, அவருதான் சங்கத்துத் தலைவரு. மைக்கு புடிச்சு, "எங்க பொணத்து மேலதான் கான்கிரீட்டு"ன்னு பேசுனாரு. பொக்லைன் ஒரு உறுமு உறுமுச்சு. பாத்தா மனுசன் கரை மேல நிக்கறாரு. எப்ப ஏறுனாருன்னே தெரியலை. நான் எந்திரிக்கலை. அதோட கை, இரும்புக் கை, தலைக்கு மேல ஆடுது. எந்திரிக்கலயே நானு.

அந்நேரத்துக்குக் கெழக்க இருந்து மினிலாரிக வருது. ஒண்ணு பின்னால ஒண்ணு. கடைமடைச் சனம். "வேலைய ஆரம்பி, வேலைய ஆரம்பி"ன்னு ஒரே கூப்பாடு. அவியளும் வாய்க்காலுக்குள்ள எறங்கி எங்களுக்கு எதுத்தாப்புல ஒக்காந்தாங்க. நடுவுல போலீசு. அந்தப் பக்கம் முன்வரிசையில பச்சைச் சீலை கட்டி ஒருத்தி. அந்தச் சீலை எனக்குத் தெரியும். தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தது.

எனக்குக் கோவம் வரலை அம்மிணி, சத்தியமா. வெயில்ல ஒக்காந்திருக்கறாளேன்னுதான் இருந்துச்சு. நான் இங்கிருந்து சத்தம் போட்டன்: "ஏ மோகனா! சாவி செம்பருத்திச் செடிகிட்ட இருக்குது. போயி ஒரு வாய் உண்டுட்டு வா. கொள்ளுப் பருப்பு கடைஞ்சு வெச்சிருக்கறன்."

ரெண்டு பக்கமும் சிரிக்குது. போலீசும் சிரிக்குது. அவ சிரிக்கலை. எந்திரிச்சு, போலீசைத் தாண்டி என்ற முன்னால வந்து நின்னா. "சோத்துக்கு வர்லம்மா நானு. தண்ணிக்கு வந்தன்"ங்கறா.

"தண்ணிக்குன்னா நம்மூட்டுக்கு வா. கெணறு நெறைய நிக்குது."

"அந்தக் கெணத்துல நிக்கறது எங்க தண்ணிம்மா."

அத்தனை சனத்துக்கு முன்னால! "எங்க தண்ணி"ங்கறா. எந்தக் கெணத்துல? அவ நீச்சல் பழகுன கெணத்துல. சொரக்காயக் கட்டிவுட்டு அவங்கப்பன் பழக்குன கெணத்துல. எனக்கு வந்துச்சு பாரு.

"உன்ற வாயில மொதமொதல்ல போன தண்ணியே அந்தக் கெணத்துத் தண்ணிதாண்டி"ன்னன்.

"எனக்குக் குடுத்த, செரி. உன்ற பேத்தி தாரணிக்கு என்ன குடுக்கற? லாரித் தண்ணிக்குக் கொடத்தைத் தூக்கிட்டு ரோட்டுல நிக்கறா அவ."

"இங்க கொண்டாந்து உடு. நான் வளத்திக்கறன்."

"ஊரே நிக்குதும்மா கொடத்தோட. எத்தனை பேர வளத்துவ?"

ஊரை நான் எதுக்கு வளத்தோணும்? நல்லா இருக்குது கதை. ஆனா நானும் உடலை. "வழியில எத்தனை பெரிய பெரிய ஆளுக ராட்சச மோட்டாரு வெச்சு வாய்க்கால உறிஞ்சறாங்க. அவிய ஊட்டு முன்னால போயி ஒக்காருங்களேன். அத உட்டுப்போட்டு, மண்ணு குடிக்கறதையும் மாடு குடிக்கறதையும் வந்து தடுக்கறீங்களே"ன்னன். "அதும் உண்மைதாம்மா. அவியளையும் கேக்கறம். உன்னையுங் கேக்கறம்"னா. பதிலா இது? இல்லையல்லொ? அப்ப நான் சொன்னதுதான செரி?

இப்பிடிப் பேச்சு போயிட்டிருக்கறப்பவே, மேல நின்ன அதிகாரி ஒருத்தரு கையக் காட்டிப்போட்டாரு. பொம்பளைப் போலீசுக எறங்கி எங்களைத் தூக்க ஆரம்பிச்சாங்க. எல்லாரையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துட்டுப் போறாங்க. வாய்க்கா அடியில ஒரு பாறை நீட்டிட்டு இருந்துச்சு, நான் அதையக் கட்டிப் புடிச்சுக்கிட்டன். ஒருத்தி கையப் புடிச்சு முறுக்கறா, ஒருத்தி காலப் புடிச்சு இழுக்கறா. ஜாக்கெட்டுத் தோளு கிழிஞ்சுபோச்சு. மொழங்கை பூரா ரத்தம். நான் கத்தலை. பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கறன்.

கத்துனது மோகனா. "எங்கம்மா மேல இருந்து கைய எடுங்க! எடுங்கடி கைய!" அந்தப் பொம்பளைப் போலீசைப் புடிச்சு ஒரு தள்ளு தள்ளுனா பாரு, அந்தம்மா போயிக் கரையில சாஞ்சுருச்சு. அப்பிடியே என்ற மேல உழுந்து கட்டிக்கிட்டா. அவ முந்தானைய எடுத்து என்ற தோளைப் போத்தி உட்டா. இப்ப எங்களைத் தூக்கறதுன்னா ரெண்டு பேரையும் சேத்துத்தான் தூக்கோணும். போலீசுக்கு ஒண்ணும் புரியலை. இவ அந்தக் கட்சியா, இந்தக் கட்சியா?

அக்கட்ட இருந்து அவங்க ஊருச்சனம் சத்தம் போடுது. "மோகனா, எந்திரிச்சு வா! உன்னாலதான் வேலை நிக்குது, வா!" மாப்பிள்ளை ஒரே ஒருக்காக் கூப்பிட்டாரு, "மோகனா"ன்னு. அவ என்ற தோள்ல மூஞ்சிய வெச்சுக்கிட்டு அசையலை. நாங்க ரெண்டு பேரும் அப்பிடியே கெடந்தம். இதைப் பாத்ததும் எங்க சனமெல்லாம் மறுபடி ஓடியாந்து எங்களைச் சுத்தி ஒக்காந்துட்டாங்க. கரைக்கு ஏறுன பொங்கியண்ணனும் வந்துட்டாரு. செல்போன்ல எல்லாரும் படம் புடிக்கறாங்க. அதிகாரிக்குப் பயம் வந்துருச்சு. பொழுது சாயறதுக்குள்ள, "வேலைய நிறுத்தி வெச்சிருக்கறம், கலைஞ்சு போங்க"ன்னு சொல்லிப்போட்டாரு. அப்பறம் பொங்கியண்ணன் கோர்ட்டுக்குப் போயித் தடை வாங்குனாரு. பொக்லைன் போனது போனதுதான்.

அவ காதுல நான் சொன்னன், "ஜெயிச்சுட்டம் கண்ணு"ன்னு. அவ குலுங்கிக் குலுங்கி அழுகறா. சந்தோசத்துல.

என்ன அப்பிடிப் பாக்கற? எதிர்க்கட்சியில வந்த புள்ளை, பெத்தவளுக்கு ஒண்ணுன்னதும் இக்கட்ட வந்துட்டாளா இல்லியா? ரத்தம் அம்மிணி, ரத்தம். அதை எந்தக் கான்கிரீட்டு தடுக்கும்?

அதுக்கப்பறம் சுள்ளிவலசுல கொஞ்சம் பேச்சு வந்துச்சுன்னு சொன்னாங்க. அவளாச் சொல்லலை, அந்த ஊரு ஒறம்பரைச் சனம் சொல்லித்தான் தெரியும். ஆத்தாளுக்காக ஊருத் தண்ணியக் கெடுத்தவன்னு பேரு வெச்சுப்போட்டாங்களாமா. லாரி வந்தா அவளுக்கு எடம் உடறதில்லையாமா. அவ கொடம் வெச்சா, பக்கத்துல இருக்கற கொடத்தை எடுத்துத் தள்ளி வெச்சுக்குவாங்களாமா. ஊருன்னா நாலு பேரு நாலு விதமாத்தான் பேசுவாங்க. அதையெல்லாம் காதுல வாங்குனா ஆகுமா? என்னைய எத்தனை பேசுனாங்க! ஒத்தைப் பொம்பளை, அது இதுன்னு. நான் அசைஞ்சனா?

அந்த வருசம் தண்ணி அங்க எட்டிக்கூடப் பாக்கலை. கடலை பூரா கருகிப்போச்சு. அவ போன் போடுவாளேன்னு பாத்தன், "மேல தண்ணி போகுதா"ன்னு கேக்கறதுக்கு. போடலை. வேலை சாஸ்தியா இருந்திருக்கும். நானே போட்டன். "இங்க ததும்பப் போகுது கண்ணு, அங்கயும் வந்துரும்"னன். "செரிம்மா"ன்னு வெச்சுப்போட்டா.

அப்பறம் மாட்டை வெலைக்குக் குடுத்துப்போட்டு, பூமிய அப்பிடியே போட்டுட்டு, திருப்பூருக்குப் போயிட்டாங்க. மாப்பிள்ளைக்கு அது நல்லதாத்தான் போச்சு. வெயில்ல வேகறதுக்கு, பனியன் கம்பெனியில காத்தாடிக்கு அடியில நின்னு வேலை. அவளும் செக்கிங் போறா. லைன் வீடுதான், ஒத்தை ரூம்புதான், ஆனா பஸ்ஸு வாசல்லயே நிக்கும். ஒருக்கா இங்க வந்திருந்தப்ப நான் சொல்லிப் பாத்தன்: "எதுக்கு அங்க கெடந்து சீரழியறீங்க? இங்க வந்துருங்க. இத்தனை தென்னை, இத்தனை தண்ணி, எல்லாம் ஆருக்கு?" மாப்பிள்ளை, "பாக்கலாமுங்க அத்தை"ன்னாரு. அவ எந்திரிச்சுத் துணிய மடிச்சுப் பையில வெச்சா.

வருவா. எங்க போயிருவா? இந்தக் கெணறு அவளுக்குத்தான். அவளுக்காகத்தான் அன்னைக்குப் பாறையக் கட்டிப் புடிச்சுட்டுக் கெடந்தன். அதைய உன்ற ஆபீசுல போயிச் சொல்லு. பாவாயி தனக்குன்னு சண்டை போடலை, புள்ளைக்குன்னு போட்டான்னு சொல்லு. கரண்டுன்னு வாங்க, கான்கிரீட்டுன்னு வாங்க, இல்லை வேற எந்தப் பேருல வேண்ணாலும் வாங்க. எனக்கு வயசாயிருச்சுன்னு கணக்குப் போடாதீங்க. எந்திரிக்கறதுக்குத்தான் முட்டி வலிக்குது. ஒக்கார்றதுக்கு வலிக்கலை.

போன ஆடி நோம்பிக்குக்கூட வந்திருந்தா, தாரணியக் கூட்டிக்கிட்டு. வாய்க்கால்ல தண்ணி சலசலன்னு போகுது. தாரணி ஓடிப்போயிக் கெணத்தை எட்டிப் பாத்துட்டு, "அம்மிச்சி, இது பூராத்தையும் நீ ஒருத்தியே குடிக்கறயா?"ங்கறா. நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்துத் தோட்டத்துக்காரங்க என்னன்னு எட்டிப் பாத்தாங்க. பட்டணத்துல வளர்ற கொழந்தை, அதுக்கு என்ன தெரியும்?

அன்னைக்கு ஓலைப்பாயி விரிச்சு, கச்சாயம் சுட்டு, கோழி அடிச்சு, எல்லாம் பண்ணுனன். கெணத்துத் தண்ணிய மொண்டு, செம்புல ஊத்தி மோகனா முன்னால வெச்சன். பழைய செம்புதான், அவ சின்னப் புள்ளையில வாய் வெச்சுக் குடிச்ச செம்பு. "தாகமில்லம்மா"ன்னா. செரி, இல்லைன்னா இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கறன், பையில இருந்து ஒரு பாட்டிலு எடுக்கறா. பிளாஸ்டிக் பாட்டிலு. பஸ் ஸ்டாண்டுல வாங்குனதாட்ட இருக்குது. மூடியத் தொறந்து, வெந்நி மாதிரி சுட்டுக் கெடந்த அந்தத் தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சா. தாரணிக்கும் அதையவே குடுத்தா. டவுன்ல இருந்து இருந்து ஒடம்புக்கு நம்ம தண்ணி ஒத்துக்கறதில்லையாட்ட இருக்குது. இப்பல்லாம் பழகுன தண்ணி மாறுனா சளி புடிச்சுக்குதுங்கறாங்களே, அதுதான்.

கெளம்பறப்பப் பாத்தா பாட்டிலு காலி. "குடு, ரொப்பித் தாரன், வழியில புள்ளைக்கு ஆகும்"னு கைய நீட்டுனன்.

குடுக்கலை. பைக்குள்ள போட்டு இழுத்து மூடிக்கிட்டா. "இருக்கட்டும்மா. போற வழியில எங்காச்சும் ரொப்பிக்கறன்"ங்கறா.

அத்தனை திமிரு! என்ற புள்ளையல்லொ?